பெயர் எங்களுடையது என்று நம்பிய ஆறு ஆண்டுகள்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் மூன்று பித்தளை அச்சுகள் கிடக்கின்றன. நாங்கள் தயாரித்த குறிப்பேடுகளின் பின்னட்டையில் எங்கள் பெயரைச் சூடேற்றி அழுத்திப் பதிப்பதற்காகச் செய்தவை அவை. பெரியது நாட்குறிப்புக்கு, நடுத்தரமானது சாதாரணக் குறிப்பேட்டுக்கு, மிகச் சிறியது சட்டைப்பைக்குள் அடங்கும் ஏட்டுக்கு. எழுத்துகளின் ஓரங்கள் தேயும் அளவுக்கு உழைத்த அந்த அச்சுகளால் இன்று ஓர் அட்டையில்கூடப் பதிக்க எங்களுக்கு உரிமை இல்லை. அந்தப் பெயரை இங்கே நான் குறிப்பிடப்போவதும் இல்லை. அது இன்னொரு நிறுவனத்தின் பெயர் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர்கள் நாங்கள்.

என் தங்கையும் நானும் சேர்ந்து தொழிலைத் தொடங்கியபோது, பெயர் குறித்து நாங்கள் அலட்சியமாக இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. நிறுவனப் பதிவேட்டில் தேடினோம். அதே பெயரில் எந்த நிறுவனமும் இல்லை. பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். பெயருக்கு ஒப்புதல் கிடைத்தது. முத்திரையிட்ட சான்றிதழ் வந்த அன்றே அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். அரசே ஒப்புதல் கொடுத்த பெயரை இனி யார் கேள்வி கேட்க முடியும் என்று நினைத்தோம். தொழில் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் செய்யும் பிழை இதுதான் என்பதைப் பின்னாளில் பலரோடு பேசித் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் கோப்பு உறையின் உலோகப் பிடிப்பு இரண்டே வாரத்தில் கழன்றுவிட்டது என்றும், மாற்றித் தர வேண்டும் என்றும் ஒரு வாடிக்கையாளர் கோபமாக எழுதியிருந்தார். நாங்கள் கோப்பு உறையே செய்வதில்லை. அவர் அனுப்பிய படத்தில் இருந்த பெயருக்கும் எங்கள் பெயருக்கும் ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. தங்கை சிரித்துக்கொண்டே பதில் எழுதினாள்: "இது எங்கள் தயாரிப்பு அல்ல, ஏறக்குறைய இதே பெயரில் வேறொருவர் இருக்கிறார் போலும்." அந்தப் பதிலை எங்கள் கணினி மற்ற எல்லா மின்னஞ்சல்களோடும் சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தது. அது எவ்வளவு கனமான வாக்கியம் என்பது அன்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

ஆறாம் ஆண்டில், இணையத்தில் எங்கள் விற்பனைத் தளத்தைத் திறந்த சில மாதங்களுக்குள், அந்தக் கோப்பு உறையைச் செய்தவர்களிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. நான்கு பக்கங்கள். முதல் பக்கத்தில் அவர்களுடைய டிரேட்மார்க்கின் பதிவு எண்ணும், பதிவான தேதியும், வகுப்பு 16 என்ற குறிப்பும் இருந்தன. நாங்கள் நிறுவனத்தைப் பதிவு செய்வதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே அந்தக் குறி பதிவாகியிருந்தது. கடைசிப் பக்கத்தில், அந்தப் பெயரில் உற்பத்தியை நிறுத்த வேண்டும், இணைய முகவரியை ஒப்படைக்க வேண்டும், இதுவரை நடந்த விற்பனைக்குக் கணக்குத் தர வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். நான் முதலில் செய்த காரியத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றி நகல் எடுத்து, அதையே பதிலாக அனுப்பிவிடலாம் என்றேன். நல்லவேளையாக, அனுப்புவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்று தங்கை தடுத்தாள்.

அவர் சான்றிதழைப் பார்க்கவே இல்லை. "குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரை எழுதிவிட்டால், வேறு யாரும் அந்தப் பெயரை வைக்கக்கூடாது என்றாகிவிடுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். நிறுவனப் பதிவு என்பது, வரி செலுத்துவதற்கும் ஒப்பந்தம் செய்வதற்கும் வழக்குத் தொடுப்பதற்கும் இன்னார் என்று அடையாளம் காட்டும் ஏற்பாடு. வணிகக்குறி என்னும் டிரேட்மார்க், வாங்குபவரின் கையில் இருக்கும் பொருள் யாரிடமிருந்து வந்தது என்பதைக் காட்டும் அடையாளம். முன்னது அரசுக்கும் கடன் கொடுத்தவருக்கும் பேசுகிறது. பின்னது வாடிக்கையாளருக்குப் பேசுகிறது. இரண்டு பதிவேடுகளையும் வெவ்வேறு அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. நிறுவனப் பதிவாளர் தம் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு ஒப்புதல் தருவது பல நாடுகளில் வழக்கம்.

நாங்கள் தேடியும் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் முற்றிலும் வேறு. பேனாக்களிலும் கோப்பு உறைகளிலும் அச்சிட்டிருந்த பெயர், அவர்களுடைய பொருள்களின் பெயர் மட்டுமே. நிறுவனப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் அது கிடைத்திருக்காது. டிரேட்மார்க் பதிவேட்டில் தேடியிருந்தால் ஒரு நிமிடத்தில் கிடைத்திருக்கும். ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய அந்த வேலையைச் செய்யாததற்காக நாங்கள் ஆறு ஆண்டு உழைப்பில் ஒரு பங்கைக் கொடுத்தோம்.

அப்படியானால் பதிவு செய்யாத வணிகப் பெயருக்குப் பாதுகாப்பே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். தொழில்சார் சொத்துரிமை பற்றிய 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, வணிகப் பெயர் ஒரு டிரேட்மார்க்கின் பகுதியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமின்றி எல்லா உறுப்பு நாடுகளிலும் அதைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு தானாக வந்து நிற்பதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் அதன் உள்நாட்டுச் சட்டம் அதற்கு உருவம் கொடுக்கிறது. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அதன் பெயர் 'பாசிங் ஆஃப்', அதாவது தன் சரக்கைப் பிறர் சரக்கு போலக் காட்டி விற்பதற்கு எதிரான வழக்கு. அந்த வழக்கில் வெல்ல மூன்றை நிரூபிக்க வேண்டும் என்பதை 1990இல் 'ஜிஃப் லெமன்' வழக்கில் அன்று இங்கிலாந்தின் கடைசி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தெளிவாக வகுத்துச் சொன்னது: பெயருக்குச் சந்தையில் ஏற்கெனவே நன்மதிப்பு இருக்க வேண்டும், எதிராளியின் செயல் வாங்குபவரைத் தவறாக நம்பவைக்க வேண்டும், அதனால் இழப்பு நேர்ந்திருக்க வேண்டும், அல்லது நேரும் நிலை இருக்க வேண்டும். டிரேட்மார்க்கைப் பதிவு செய்தவரோ பதிவுச் சான்றை நீட்டிவிட்டு வழக்கைத் தொடங்கலாம். நன்மதிப்பை முதலிலிருந்து நிரூபிக்கும் சுமை அவருக்கு இல்லை. பதிவு செய்வதன் நடைமுறைப் பயன் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

நான் இன்னொரு வாதத்தைப் பிடித்துக்கொண்டேன். அது எங்கள் நிறுவனத்தின் பெயர்தானே, பொருளின் பெயர் என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லையே என்றேன். அவர் என் முன்னால் இருந்த குறிப்பேட்டைத் திருப்பி, பின்னட்டையில் அழுந்தியிருந்த எழுத்துகளை விரலால் தடவிக் காட்டினார். ஐரோப்பிய நீதிமன்றம் 2007இல் 'செலின்' வழக்கில் ஆராய்ந்தது இதே கேள்வியைத்தான். ஒரு சொல்லை நிறுவனப் பெயராகவோ கடைப் பெயராகவோ வைத்திருப்பது மட்டும் பொருள்களுக்கான குறியாகப் பயன்படுத்துவது ஆகிவிடாது. ஆனால் அதைப் பொருளின் மீது பதித்தாலோ, பொருளுக்கும் பெயருக்கும் இடையே தொடர்பு உண்டாகும்படி பயன்படுத்தினாலோ, அது டிரேட்மார்க் பயன்பாடாகிவிடும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தியது என்று அவர் சொல்லவில்லை. நீதிமன்றங்கள் எப்படிச் சிந்திக்கின்றன என்பதற்காகச் சொன்னார். விலைச்சீட்டின் தலைப்பில் மட்டும் பெயர் இருந்திருந்தால் பேச இடம் இருந்திருக்கும். பித்தளை அச்சு அந்த இடத்தை அடைத்துவிட்டது.

ஓர் உயிரெழுத்து வேறுபாடு போதாதா என்பது தங்கையின் கேள்வி. வழக்கறிஞர் அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு பெயர்களையும் தொலைபேசியில் பேசும் வேகத்தில் மாற்றி மாற்றிச் சொன்னார். நான்காவது முறைக்குப் பிறகு எது எங்களுடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒப்பீடு செய்பவர்கள் இரண்டு பெயர்களையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாகப் பார்ப்பதில்லை. மங்கலான நினைவோடு வரும் சராசரி வாங்குபவர் குழம்புவாரா என்று பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் வடிவம், காதில் விழும் ஒலி, மனதில் எழும் பொருள் ஆகிய மூன்றும் எடைபோடப்படுகின்றன. பொருள்கள் எவ்வளவு நெருக்கமானவை என்பதும் சேர்ந்தே பார்க்கப்படுகிறது. டிரேட்மார்க் பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் பிரிக்கும் பன்னாட்டு முறையான நைஸ் வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்புகள் உள்ளன: 1 முதல் 34 வரை பொருள்களுக்கு, 35 முதல் 45 வரை சேவைகளுக்கு. குறிப்பேடும் கோப்பு உறையும் பேனாவும் ஒரே 16ஆம் வகுப்பில் அடங்குகின்றன. வகுப்பு ஒன்றாக இருப்பதாலேயே பொருள்கள் ஒத்தவை என்றோ, வேறாக இருப்பதாலேயே ஒவ்வாதவை என்றோ முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் எங்கள் நிலையில், ஒரே கடையின் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும் பொருள்களைப் பற்றி அப்படி வாதிட்டுப் பயனில்லை.

எங்களுக்கு இரண்டு கதவுகள் மிஞ்சியிருந்தன. முதலாவது, முந்திய பயன்பாடு. பயன்பாட்டுக்கு முதன்மை தரும் சட்ட முறைகளில், பின்னால் பதிவு செய்தவரைவிட முன்பே நேர்மையாகப் பயன்படுத்தி வந்தவருக்கு வலு அதிகம். முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை என்னும் நாடுகளில் இந்தக் கதவு மிகவும் குறுகலானது. எங்கள் முதல் விலைச்சீட்டைத் தேடி எடுத்தோம். அதன் தேதி அவர்களுடைய பதிவுக்கும் பயன்பாட்டுக்கும் பிந்தியதாகவே இருந்ததால் கதவு அங்கேயே சாத்திக்கொண்டது. இரண்டாவது, உடன்பட்டு வாளாவிருத்தல். உரிமையாளர் தெரிந்தே நெடுங்காலம் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென்று கிளம்பினால், பல சட்டங்கள் அவருக்குத் துணை நிற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் அதற்குத் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் என்று எல்லை வகுத்திருக்கிறது. ஆனால் 'தெரிந்தே' என்பதுதான் அதன் உயிர். எங்கள் விற்பனைத் தளம் வரும்வரை அவர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. எங்களுக்கோ அவர்கள் இருப்பது மூன்றாம் ஆண்டிலேயே தெரியும் என்பதற்குத் தங்கையின் மின்னஞ்சல் சான்று. வாடிக்கையாளர் உண்மையிலேயே குழம்பினார் என்பதற்கும் அதே கடிதம் சான்று. வழக்கறிஞர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சமாதானமாகப் போய்விடுங்கள்" என்றார்.

சமாதானப் பேச்சில் நான் முதலில் கேட்டது இருவரும் சேர்ந்து வாழும் ஒப்பந்தம். அப்படி ஒப்பந்தங்கள் உண்டு. கணினி செய்த ஆப்பிளும், பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் கோரும் 1981இலேயே எல்லை பிரித்துக்கொண்டன. கணினி நிறுவனம் இசைத் தொழிலுக்குள் வரக் கூடாது என்பது நிபந்தனை. கணினியிலிருந்தே பாட்டு எழத் தொடங்கியதும் அந்த எல்லை கலங்கியது. வழக்குகளும் புதிய ஒப்பந்தங்களுமாக 2007 வரை அந்த விவகாரம் இழுத்தது. எதிர்காலத்தில் யார் என்ன செய்வார்கள் என்று இன்றே ஊகித்துக் கோடு போடுவது கடினம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. எதிர்த்தரப்பும் அதையே சொல்லி மறுத்தது. அவர்கள் அடுத்து நாட்குறிப்பு செய்யத் திட்டமிட்டிருந்தார்கள். இறுதியில், கையிருப்பை விற்றுத் தீர்க்க எட்டு மாதம், இணைய முகவரியை ஒப்படைத்தல், நிறுவனப் பெயரையும் மாற்றுதல், இழப்பீடு ஏதும் இல்லை என்று முடிந்தது. கணக்குக் கேட்காமல் விட்டதற்கு நான் இன்றும் அவர்களுக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன். பெயரை மாற்றுவது என்றால் பலகையை மாற்றுவது என்று நினைத்திருந்தேன். வங்கிக் கணக்கு, வரி எண், உரிமங்கள், காப்பீடு, பெட்டிகள், ஒட்டுச்சீட்டுகள், கடைக்காரர்களோடு செய்த ஒப்பந்தங்கள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. பழைய வாடிக்கையாளர்களில் சிலர் நாங்கள் தொழிலை மூடிவிட்டதாகவே எண்ணிவிட்டார்கள்.

புதிய பெயருக்குத் தங்கை முதலில் சொன்னது, தரமான தாள் என்று பொருள்படும் இரண்டு சொற்கள். எனக்கும் பிடித்திருந்தது, கேட்டவுடன் என்ன விற்கிறோம் என்று விளங்கும் அல்லவா? விளங்குவதுதான் சிக்கல். பொருளின் தன்மையை அப்படியே சொல்லும் சொல் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் தேவைப்படும் சொல். அதை ஒருவருக்கு மட்டும் ஒதுக்கப் பதிவு அலுவலகம் எளிதில் இசையாது. ஒட்டக முடியால் செய்த இயந்திரப் பட்டைகளை 'ஒட்டக முடிப் பட்டை' என்றே விற்று வந்த ஒரு தயாரிப்பாளர், நீண்ட காலப் பயன்பாட்டால் அந்தச் சொல் தம் சரக்கையே குறிக்கிறது என்று நிரூபித்து 1896இல் பிரபுக்கள் சபையில் வென்றது உண்மைதான். ஆனால் அப்படி நிரூபிக்கப் பல ஆண்டு விற்பனையும், சாட்சிகளும், கடைசி நீதிமன்றம் வரை போகும் பொறுமையும் வேண்டும். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் 'கோடாக்' என்ற பெயரை எந்த மொழியிலும் பொருளில்லாத வெறும் எழுத்துக் கூட்டாகவே உருவாக்கினார். பொருளற்ற சொல்லை மக்கள் மனதில் பதிய வைக்க முதலில் செலவாகும். காப்பாற்றுவதற்கோ அதுவே மிக எளிது. நாங்கள் நடுவழியைத் தேர்ந்தோம்: எல்லாருக்கும் தெரிந்த, ஆனால் தாளோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சொல்.

அதைத் தேடிப் பார்த்த விதம் வேறாக இருந்தது. உள்நாட்டு டிரேட்மார்க் பதிவேட்டில் அதே எழுத்தில் மட்டும் தேடாமல், ஒலி ஒத்த எழுத்துக் கூட்டுகள், நெடில் குறில் மாற்றங்கள், அதன் மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றையும் தேடினோம். உலக அறிவுசார் சொத்து அமைப்பு இலவசமாக நடத்தும் உலகளாவிய பிராண்டு தரவுத்தளத்தில் பார்த்தோம். பதிவு செய்யாமலேயே பயன்படுத்துபவர்களைக் கண்டுபிடிக்க இணையச் சந்தைகளையும் வணிகக் கையேடுகளையும் அலசினோம். பதிவேட்டில் இல்லாதவருக்கும் உரிமை இருக்கலாம் என்பதை நாங்களே பாசிங் ஆஃப் பற்றிக் கேட்டுக் கற்றிருந்தோமே. இந்த வகையில் நாங்கள் விரும்பிய ஏழு பெயர்களில் ஐந்து கழிந்தன.

விண்ணப்பிக்கும்போது, நான் யோசித்தே பார்க்காத இரண்டு கேள்விகளை வழக்கறிஞர் கேட்டார். உரிமையாளராக யார் பெயரை எழுதுவது? நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் எங்களில் ஒருவர் பெயரில் இருந்தால், நாளைக்குப் பங்கு பிரியும்போது பெயரும் ஒருவரோடு போய்விடும். உறவுக்குள் இதைப் பேசுவது சங்கடம்தான். பேசினோம், நிறுவனத்தின் பெயரிலேயே எழுதினோம். அடுத்தது, சின்னத்தை வரைந்தவரிடமிருந்து பதிப்புரிமையை எழுத்து மூலமாகப் பெற்றோமா? பணம் கொடுத்துவிட்டால் படம் நமதாகிவிடும் என்பது பல நாடுகளின் சட்டப்படி சரியல்ல. வரைந்தவர் தயக்கமின்றிக் கையெழுத்திட்டார். ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டிருந்தால் எப்படியோ. பெயரை வெறும் எழுத்துகளாக ஒரு விண்ணப்பத்திலும் சின்னத்தைத் தனியாக இன்னொன்றிலும் கொடுத்தோம். சின்னத்தின் அழகு மாறும், பெயர் மாறாது. வகுப்பு 16உடன், இணைய விற்பனைக்காக 35ஐயும் சேர்த்தோம். பதிவு முடியும்வரை பெயரருகே 'டிஎம்' என்று மட்டுமே போட்டோம். வட்டத்துக்குள் இடும் 'ஆர்' குறி பதிவானதற்கான அடையாளம். பதிவாகாததற்கு அதைப் போடுவது பல நாடுகளில் குற்றம்.

வெளிநாட்டு விற்பனை அப்போது எங்கள் நினைப்பிலேயே இல்லை. ஆனால் டிரேட்மார்க் என்பது நாட்டெல்லைக்குள் நிற்கும் உரிமை. ஆஸ்திரேலியாவில் 'பர்கர் கிங்' என்ற பெயரை ஏற்கெனவே ஒருவர் பதிவு செய்து வைத்திருந்ததால், உலகம் முழுதும் கடை விரித்த அந்த நிறுவனத்தின் கடைகள் அங்கே 'ஹங்ரி ஜாக்ஸ்' என்ற பெயரில் நடக்கின்றன. முதல் விண்ணப்பத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பாரிஸ் உடன்படிக்கையின் பிற உறுப்பு நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம். மாட்ரிட் நெறிமுறையின் வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடவும் முடியும். அந்த ஆறு மாதக் கெடுவை நாட்காட்டியில் சிவப்பில் குறித்தேன். இரண்டு நாடுகளுக்கு மட்டும் விண்ணப்பித்தோம்.

ஆட்சேபக் காலம் யாருடைய எதிர்ப்பும் இல்லாமல் கடந்தது. பதிவு பத்து ஆண்டுகளுக்கு. கட்டணம் செலுத்திப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் பதிவு செய்து பயன்படுத்தாமல் வைத்திருந்தால், சில ஆண்டுகளில் பிறர் கேட்டு அதை நீக்க முடியும். அதனால் ஆண்டுக்கு ஒரு கோப்பு வைத்திருக்கிறேன்: அந்த ஆண்டின் முதல் விலைச்சீட்டு, கடைசி விலைச்சீட்டு, விளம்பரங்கள், அட்டையின் ஒரு மாதிரி, பெயரைக் குறிப்பிட்டு வாடிக்கையாளர்கள் எழுதிய கடிதங்கள். ஒவ்வொன்றிலும் தேதி தெரிய வேண்டும் என்பதில் நான் இப்போது பிடிவாதக்காரி. பெயரைப் பொதுச்சொல்லாகத் தேய விடாமல், எப்போதும் 'குறிப்பேடு' என்ற சொல்லோடு சேர்த்தே எழுதுகிறோம். 'எஸ்கலேட்டர்' என்பது ஓட்டிஸ் நிறுவனத்தின் டிரேட்மார்க்காக இருந்து, 1950இல் அமெரிக்காவில் பொதுச்சொல்லாகிப் போனது. எங்களுக்கு அவ்வளவு புகழ் வரப்போவதில்லை என்று தங்கை கேலி செய்கிறாள்.

சென்ற ஆண்டு, ஒரு வாடிக்கையாளர் எங்களுக்கு ஒரு நாட்குறிப்பின் படத்தை அனுப்பித் தையல் பிரிந்துவிட்டதாக எழுதினார். அது எங்கள் தையல் அல்ல. பெயரில் ஒரே ஒரு மெய்யெழுத்து மாறியிருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, அந்த நாட்குறிப்பு செய்தவர்களின் முகவரியைத் தேடிப் பிடித்து, மிரட்டல் இல்லாமல் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன்: எங்கள் பதிவு எண், தேதி, வகுப்பு, குழப்பம் நேர்ந்த விவரம், பேசித் தீர்க்கலாம் என்ற அழைப்பு. பத்து நாளில் பதில் வந்தது. எழுதியவர் இளைஞர் என்பது நடையிலேயே தெரிந்தது. பெயர் முறைப்படி தங்களுக்கே உரியது என்றும், அதைக் கேள்வி கேட்க எங்களுக்கு உரிமை இல்லை என்றும் எழுதியிருந்தார். கூடவே, முத்திரை நன்றாகத் தெரியும்படி எடுத்த நிறுவனப் பதிவுச் சான்றிதழின் நகல் இணைக்கப்பட்டிருந்தது.

அதை என் மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடலாமா என்று தங்கை கேட்டாள். நாளைக்கு நானே அவரிடம் தொலைபேசியில் பேசுகிறேன் என்றேன்.